பழனி மலைத் தேன்: ஒரு மருந்துப் பொருளின் வரலாறு

மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்கு நோக்கிப் பிரிந்து ஏறத்தாழ 65 கிலோமீட்டர் நீளத்துக்கு நீளும் பழனி மலைத்தொடர், 1,000 முதல் 1,500 மீட்டர் உயரம் வரையிலான கீழ்ப்பழனி, 2,000 மீட்டருக்கு மேல் எழும் மேல்பழனி என இரு படிகளாக அமைந்தது. கீழ்ப்படியில் இலையுதிர் காடுகளும் காப்பித் தோட்டங்களும் மலை வாழையும் உள்ளன. கொடைக்கானலை உள்ளடக்கிய மேற்படியில் மடிப்புகள்தோறும் சோலைக்காடும் அவற்றுக்கு இடையே புல்வெளியுமாக ஒரு தனி நிலக்காட்சி அண்மைக்காலம் வரை நிலைத்திருந்தது. இம்மலைகளிலிருந்து சமவெளிக்கு இறங்கிய பொருள்களுள் மிகப் பழையவற்றுள் ஒன்று தேன். அது உணவாகவும் படையலாகவும் கொள்ளப்பட்டதோடு, புண்ணையும் சளியையும் தீர்க்கும் மருந்தாகவும் மதிக்கப்பட்டது. அம்மதிப்புக்கான காரணத்தின் ஒரு பகுதி தேனீயின் சுரப்பிகளில் உருவாகும் நுண்ணுயிர் எதிர்ப்புப் பெப்டைடுகளில் அடங்கியிருக்கிறது என்பது 20ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 21ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும்தான் தெளிவாயிற்று. வழக்கமான மருந்துகளுக்கு அடங்காத பாக்டீரியாக்கள் மருத்துவமனைகளை நெருக்கும் இக்காலத்தில், மலைத்தேனின் வரலாற்றை மருத்துவ வரலாற்றின் பகுதியாகவே எழுத வேண்டியிருக்கிறது.

பழனியின் சங்ககாலப் பெயர் பொதினி. ஆவியர் குடியின் தலைநகராக அது அகநானூற்றில் குறிக்கப்படுகிறது. கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய வையாவிக் கோப்பெரும் பேகன் அக்குடியைச் சேர்ந்தவன். குறிஞ்சித் திணைக்குரிய தொழில்களுள் தேன் அழித்தலையும் கிழங்கு அகழ்தலையும் பழைய இலக்கண மரபு முதன்மையாக வைத்தது வெறும் கவி வழக்கு அன்று என்பதை மலைபடுகடாம் போன்ற நூல்கள் காட்டுகின்றன. செங்குத்தான பாறையில் தொங்கும் தேனடையை அடைய மூங்கிலால் அமைத்த மால்பு என்னும் ஏணி அந்நூலில் பேசப்படுகிறது. இரண்டாயிரம் ஆண்டுக்குப் பின்னும் இம்மலைகளில் பாறைத்தேன் எடுப்போர் கையாண்ட கொடி ஏணி அதே சிக்கலுக்கு அதே வகையில் கண்ட விடையாகும்; தொழில்நுட்ப வரலாற்றில் இத்தகைய தொடர்ச்சி அரிது.

அத்தொடர்ச்சியைக் காத்தவர்கள் பளியர்கள். பழனி மலைகளிலும் அவற்றுக்குத் தெற்கேயுள்ள வருசநாட்டுப் பகுதியிலும் சிறு சிறு குழுக்களாக வாழ்ந்து, காட்டுக் கிழங்கையும் தேனையும் சேகரித்துப் பிழைத்த இம்மக்களைப் பற்றிச் சேசு சபைத் துறவியான தாமன் 1908-இல் ஆந்த்ரோபோஸ் இதழில் ஒரு விரிவான கட்டுரை வெளியிட்டார். 1960-களில் அமெரிக்க மானிடவியலாளர் பீட்டர் கார்ட்னர் அவர்களிடையே நீண்ட களப்பணி செய்தார். மேல்பழனியின் பூம்பாறை, மன்னவனூர் போன்ற ஊர்களில் உழுது பயிர் செய்த மக்களிடமும் சமவெளி வணிகர்களிடமும் தேனையும் மெழுகையும் கொடுத்து அரிசி, துணி, இரும்பு ஆகியவற்றைப் பெறுவது அவர்களுக்கு வெளியுலகோடு இருந்த முக்கியத் தொடர்பாகும்.

தேன் என்று பொதுவாகச் சொல்லப்படுவது இம்மலைகளில் ஒரே பொருள் அன்று. பெருந்தேனீ எனவும் மலைத்தேனீ எனவும் வழங்கும் இனம், பாறை முகட்டின் அடியிலோ உயர்ந்த மரத்தின் கிளையிலோ ஒற்றை அடையைத் திறந்தவெளியில் தொங்கவிடும். ஒரு மீட்டருக்கு மேல் அகலமாக வளரக்கூடிய அவ்வடையின் மேல்விளிம்பில், பாறையோடு ஒட்டிய தடித்த பகுதியில் தேனும், கீழே புழுக்களும் இருக்கும். அடுக்குத் தேனீ அல்லது இந்தியத் தேனீ மரப்பொந்திலும் பாறை இடுக்கிலும் பல அடைகளை இணையாகக் கட்டும். புதர்க் கிளையில் உள்ளங்கையளவு அடை வைக்கும் கொம்புத் தேனீயும், பிசின் கலந்த சிறு கூட்டில் மிகக் குறைந்த அளவே சேர்க்கும், கொடுக்கற்ற கொசுத்தேனீயும் இவற்றோடு சேரும். சித்த மருத்துவம் மலைத்தேன், கொம்புத்தேன், பொந்துத்தேன், புற்றுத்தேன், மனைத்தேன் எனக் கூட்டின் இடத்தைக் கொண்டு தேனைப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனிக்குணம் கூறியதற்குப் பின்னால், இனத்துக்கு இனம் சுரப்பும் சேகரிக்கும் பூவும் வேறுபடும் என்ற நெடுங்காலக் கவனிப்பு இருந்திருக்க வேண்டும்.

பாறைத்தேன் எடுக்கும் முறையைச் சற்று அருகிலிருந்து நோக்கினால், அதிலுள்ள அறிவின் நுட்பம் புலனாகும். பெருந்தேனீக் கூட்டத்தின் கொட்டு உயிருக்கே ஆபத்தானது என்பதால், தேனீ பறக்க இயலாத நிலவற்ற இரவே பெரும்பாலும் தேர்ந்தெடுக்கப்பட்டது. உச்சியிலுள்ள மரத்தில் கட்டிய கொடி ஏணியில் ஒருவர் இறங்க, பச்சிலை சுற்றிய பந்தத்தின் புகை முதலில் அடையைத் தழுவும். தீப்பொறி கீழே உதிர, தேனீக்கள் அதைத் தொடர்ந்து விலகும். பின்னரே நீண்ட கழியால் தேன் பகுதி அறுக்கப்பட்டுக் கூடையில் இறக்கப்படும். மேலே கயிற்றைக் காப்பவர் மனைவியின் உடன்பிறந்தவனாகிய மைத்துனனாக இருக்க வேண்டும் என்ற வழக்கம் தென்னக மலைக்குடிகள் பலவற்றில் பதிவாகியுள்ளது. தன் உடன்பிறந்தவளைக் கைம்பெண்ணாக்க எவனும் துணியான் என்ற நம்பிக்கையின்மேல் ஓர் உயிர் தொங்கிய தொழில் இது. தேன் பகுதியை மட்டும் அறுத்துப் புழு அடையை விட்டுவைத்தால் அதே கூட்டம் மீண்டும் தேன் சேர்க்கும் என்பதையும், மூடி இடாத அறைகளின் தேன் நீர்த்து விரைவில் புளித்துவிடும் என்பதையும் எடுப்போர் அறிந்திருந்தனர். இவ்விரண்டாம் செய்தி மருந்துத் தன்மையோடு நேரடித் தொடர்புடையது. தேனீ தன் சிறகால் விசிறி நீரைக் குறைத்து மெழுகு மூடி இட்ட தேனில்தான் சர்க்கரை மிகுந்து, நுண்ணுயிருக்குத் தேவையான நீர் கிட்டாத நிலை உண்டாகிறது.

சமவெளிக்கு இறங்கிய பொருளில் மெழுகு ஒரு பாதி. கோயில் திருமேனிகளை வார்க்கும் மெழுகு வார்ப்பு முறைக்குத் தேன்மெழுகும் குங்கிலியமும் இன்றியமையாதன. தேனுக்கோ மலையடிவாரத்திலேயே பெரிய தேவை இருந்தது. பழனி தண்டாயுதபாணி கோயிலின் பஞ்சாமிர்தத்தில் கீழ்ப்பழனியின் வாழைப்பழம், சர்க்கரை, பேரீச்சம்பழம், கற்கண்டு, நெய், ஏலம் ஆகியவற்றோடு தேனும் சேர்கிறது. தண்ணீர் சேராமல் பிசையப்படும் இக்கலவை பல நாள் கெடாமல் இருப்பது, சர்க்கரையும் தேனும் நீரைப் பிணித்து வைப்பதன் விளைவாகும். 2019-இல் இப்பஞ்சாமிர்தத்துக்குப் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. சித்த மருத்துவர்கள் தேனைப் பிற மருந்துகளை உடலுக்குள் கொண்டு செல்லும் அனுபானமாக, அதாவது துணைப்பொருளாகக் கையாண்டனர். ஆறாத புண்ணிலும் தீக்காயத்திலும் தனித்தும் தடவினர்.

ஆங்கிலேயர் ஆட்சி இம்மலைகளுக்கு வேறொரு மருத்துவப் பயனைக் கண்டது. 1821-இல் வார்டு என்னும் அளவைத்துறை அதிகாரி மலைத்தொடரை அளந்தார். மதுரையில் காய்ச்சலாலும் காலராவாலும் தம்மவரை இழந்துகொண்டிருந்த அமெரிக்க மிஷன் பாதிரியார்கள் 1845-இல் கொடைக்கானலில் தம் முதல் இரு வீடுகளைக் கட்டினர். குளிர்ந்த காற்றே மருந்து என்ற எண்ணத்தில் எழுந்த அவ்வூர், தன்னைச் சூழ்ந்த காட்டின் மருந்துகளைப் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. 1882-ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டத்துக்குப் பிறகு காடுகள் காப்புக்காடுகளாக அறிவிக்கப்பட்டபோது, தேனும் மெழுகும் அரசின் வனப்பொருள்களாயின. அவற்றைச் சேகரிக்கும் உரிமை குத்தகைக்கு விடப்பட, தலைமுறைகளாகத் தேன் எடுத்தவர்கள் குத்தகைதாரரின் கூலிகளாயினர். இம்மாற்றத்தின் கேடு வருமானத்தோடு நிற்கவில்லை. தன் பாறைக்கு அடுத்த ஆண்டும் வரவேண்டியவன் புழு அடையை விட்டுவைப்பான். குத்தகைக் காலத்துக்குள் முதலை மீட்க விரும்புபவனுக்கு அப்படிக் கட்டாயம் ஏதும் இல்லை.

பெட்டியில் தேனீ வளர்க்கும் தொழில் மற்றொரு திசையிலிருந்து வந்தது. திருச்சிராப்பள்ளி தூய வளனார் கல்லூரியைச் சேர்ந்த சேசு சபைப் பாதிரியார் நியூட்டன், 1911-க்கும் 1917-க்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் இந்திய அடுக்குத் தேனீயின் சிறிய உடலுக்கும் அதன் அடைகளுக்கு இடையிலான இடைவெளிக்கும் ஏற்ற சட்டங்களைக் கொண்ட பெட்டியை வடிவமைத்து, சிற்றூர் மக்களுக்குப் பயிற்சியும் அளித்தார். நியூட்டன் பெட்டி என்ற பெயரில் தென்னிந்தியா முழுதும் அது பரவியது. அடையைப் பிழிந்து சிதைக்காமல், சட்டத்தை இயந்திரத்தில் சுழற்றித் தேனை மட்டும் பிரித்தெடுக்க முடிந்ததால், புழுச்சாறும் மகரந்தமும் கலவாத தெளிந்த தேன் முதன்முறையாகப் பெருமளவில் கிடைத்தது. அதே சபை 1895-இல் கொடைக்கானலுக்கு அருகே செண்பகனூரில் நிறுவிய திரு இருதயக் கல்லூரி, மலையின் தாவரங்களையும் உயிரினங்களையும் சேகரித்து அறியும் மையமாயிற்று. அங்கிருந்த ஆங்கிலேட் பாதிரியார் தாவரங்களைச் சேகரித்துத் தீட்டினார், பின்னாளில் கே. எம். மேத்யூ 1999-இல் பழனி மலைத் தாவரங்களைப் பற்றிய பெருநூலை வெளியிட்டார். எந்த மாதத்தில் எந்தப் பூவிலிருந்து தேன் வருகிறது என்று கேட்பவருக்கு அந்நூலே இன்றும் தொடக்கம். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூத்து, 2006-இலும் 2018-இலும் கொடைக்கானல் சரிவுகளை நீலமாக்கிய குறிஞ்சியும் தேனீக்கள் நாடும் பூவேயாகும். கீழ்ப்பழனித் தோட்டங்களுக்கும் ஏற்றதாக இருந்த பெட்டித் தேனீ வளர்ப்பை, 1990-களின் தொடக்கத்தில் தென்னிந்தியாவெங்கும் பரவிய தாய் சாக்புரூட் என்னும் வைரஸ் நோய் முறித்தது. புழுக்களை நீர்ப்பைகளாக்கிக் கொல்லும் அந்நோயால் வளர்ப்புக் கூட்டங்களில் மிகப் பெரும்பகுதி அழிந்தது.

இவ்வளவு காலமும் தேன் ஏன் புண்ணை ஆற்றுகிறது என்ற வினா ஆய்வகங்களில் மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. தேன் பாக்டீரியாவைத் தடுக்கும் என்பதை 1892-இல் வான் கெட்டல் என்ற டச்சு ஆய்வாளர் காட்டினார். 1937-இல் ஜெர்மானியரான டோல்டு, தடுக்கும் அப்பொருளுக்கு இன்ஹிபின் என்று பெயரிட்டார். அது ஹைட்ரஜன் பெராக்சைடுதான் என்பதை 1963-இல் அமெரிக்காவில் ஜொனாத்தன் ஒயிட்டும் உடன் ஆய்ந்தோரும் நிறுவினர். தேனீ தன் தலையிலுள்ள சுரப்பியிலிருந்து குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்னும் நொதியைத் தேனில் சேர்க்கிறது. முதிர்ந்த தேனில் உறங்கிக் கிடக்கும் அந்நொதி, தேன் நீர்த்தவுடன் விழித்துக் குளுக்கோசிலிருந்து பெராக்சைடைச் சிறிது சிறிதாக உண்டாக்குகிறது. ஈரம் கசியும் புண்ணில் தடவிய தேன், மருந்தைத் தானே தயாரித்து வழங்குகிறது என்பது இதன் பொருள். ஆயினும் 1940-களில் பெனிசிலின் வந்தபின் இத்தகைய ஆய்வுகளுக்கு மதிப்பில்லாமல் போனது.

அடுத்த திருப்பம் பூச்சிகளின் உடலியலிலிருந்து வந்தது. மனிதருக்குள்ளது போன்ற எதிர்ப்பணுக்கள் இல்லாத பூச்சிகள், பாக்டீரியா நிறைந்த உலகில் எவ்வாறு உயிர் வாழ்கின்றன என்று ஆராய்ந்த சுவீடனின் ஹான்ஸ் போமன், ஒரு பட்டுப்பூச்சி இனத்தின் கூட்டுப்புழுவிலிருந்து செக்ரோபின் என்னும் பெப்டைடை 1981-இல் விவரித்தார். 1987-இல் அமெரிக்காவின் மைக்கேல் சாஸ்லாஃப் ஆப்பிரிக்கத் தவளையின் தோலில் மெகெயினின் என்னும் பெப்டைடைக் கண்டார். பெப்டைடு என்பது சில முதல் சில பத்து அமினோ அமிலங்கள் கோத்த சிறு சங்கிலி. புரதத்தின் சிற்றுரு என்று அதைக் கொள்ளலாம். இவ்வகைப் பெப்டைடுகளுள் பெரும்பாலானவை நேர்மின் ஏற்றம் கொண்டவை. பாக்டீரியாவின் மேலுறையோ எதிர்மின் ஏற்றம் மிகுந்தது. ஆகவே அவை அவ்வுறையை நாடி ஒட்டி, அதனுள் புகுந்து, உறையைத் துளைத்து உள்ளடக்கத்தைக் கசியச் செய்கின்றன. விலங்கின் உயிரணு உறை அத்தகைய ஏற்றம் அற்றதாகையால் பெரும்பாலும் தப்புகிறது. ஒரே ஓர் இலக்கைத் தாக்கும் மருந்திலிருந்து தப்ப ஒரு மரபணு மாற்றம் போதலாம். உறையின் அமைப்பையே மாற்றுவது பாக்டீரியாவுக்கு எளிதன்று. பெப்டைடுகளின்மேல் மருத்துவ உலகம் வைத்த நம்பிக்கை இவ்வேறுபாட்டில்தான் வேர்கொண்டது.

தேனீயிடமிருந்து இத்தகைய பெப்டைடுகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிவந்தன. 1989-இல் விவரிக்கப்பட்ட அபிடேசின், உறையைத் துளைக்காமல் பாக்டீரியாவின் உள்ளே புகுந்து, அதன் புரதத் தயாரிப்பை நிறுத்துவது என்று பின்னர் அறியப்பட்டது. இராணித் தேனீக்கு ஊட்டும் அரசக்கூழிலிருந்து 51 அமினோ அமிலங்கள் கொண்ட ராயலிசினை 1990-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் பிரித்தனர். டிஃபென்சின் குடும்பத்தைச் சேர்ந்த அது, சீழ்ப்புண்ணை உண்டாக்கும் ஸ்டெஃபிலோகாக்கஸ் உள்ளிட்ட கிராம் பாசிட்டிவ் வகைப் பாக்டீரியாக்களைத் தாக்கவல்லது. அதே பெப்டைடு தேனிலும் உள்ளது என்பதை ஆம்ஸ்டர்டாமில் க்வாக்மனும் உடன் ஆய்ந்தோரும் 2010-இல் காட்டியபோது பழைய வினாவுக்கு ஒரு முழு விடை கிடைத்தது. மருத்துவத்துக்கெனத் தயாரித்த ஒரு தேனில் சர்க்கரை, அமிலத்தன்மை, பெராக்சைடு, மெத்தில்கிளையாக்சால், டிஃபென்சின் ஆகியவற்றை ஒவ்வொன்றாகச் செயலிழக்கச் செய்து, அவற்றின் தனிப்பங்கை அவர்கள் அளந்தனர். மெத்திசிலினுக்கு அடங்காத ஸ்டெஃபிலோகாக்கஸும், பல மருந்துகளை மீறிய ஈ. கோலை, சூடோமோனாஸ் வகைகளும் 10 முதல் 20 விழுக்காடு தேன் கலந்த கரைசலிலேயே மடிந்தன. எந்த ஒரு கூறும் தனித்து இவ்வளவையும் செய்யவில்லை. கூட்டாகவே அவை வென்றன என்பது இவ்வாய்வின் சிறப்பு. நியூசிலாந்தின் மனுகா தேனில் மெத்தில்கிளையாக்சால் மிகுந்தும் டிஃபென்சினின் செயல் இல்லாமலும் இருப்பதை அவர்களே அடுத்த ஆண்டில் கண்டனர். தேன் என்ற ஒரே பெயரில் பல மருந்துகளைப் பிரித்துப் பேசிய சித்த மரபின் அணுகுமுறை இங்கே புதிய வலிமை பெறுகிறது.

பழனி மலைகளின் பொந்துகளில் வாழும் அடுக்குத் தேனீ இனத்தைப் பற்றிச் சீன ஆய்வாளர்கள் 2009-இல் வெளியிட்ட செய்தி இங்கு குறிப்பிடத்தக்கது: இவ்வாசிய இனத்தின் நுண்ணுயிர் எதிர்ப்புப் பெப்டைடுகள் மேலைநாட்டு வளர்ப்புத் தேனீயினுடையவற்றைவிட மிகுந்த வேறுபாடு கொண்டவை. மேற்குத் தொடர்ச்சி மலையின் பிற உயிர்களும் இத்தகைய செல்வம் உடையவை. திருவனந்தபுரத்து ராஜீவ் காந்தி உயிர்த்தொழில்நுட்ப மையத்தாரும் அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தாரும் இம்மலைத்தொடரின் தவளை ஒன்றின் தோலிலிருந்து, ஃபுளூ வைரஸ் வகையொன்றை அழிக்கும் பெப்டைடை 2017-இல் பிரித்து, உருமி வாளின் பெயரால் உருமின் என்று அழைத்தனர்.

இவ்வாய்வுகளின் அவசரத்தைத் தமிழ்நாடு நேரில் அறியும். கடைசி நிலை மருந்துகளான கார்பபெனெம்களையும் சிதைக்கும் என்டிஎம்-1 என்னும் நொதி கொண்ட பாக்டீரியாக்களைப் பற்றி 2010-இல் லான்செட் குழும இதழில் வெளியான கட்டுரைக்குச் சென்னையின் மாதிரிகளும் அடிப்படையாயின; 2012-இல் மருத்துவர் அமைப்புகள் சென்னையில் கூடி வகுத்த அறிக்கை சென்னைப் பிரகடனம் என்றே அறியப்படுகிறது. அத்தகைய பாக்டீரியாக்களுக்கு எதிராக எஞ்சிய கொலிஸ்டினும் ஒரு பெப்டைடு மருந்துதான். அதையும் மீறச் செய்யும், ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவவல்ல மரபணு 2015-இல் சீனாவில் அறியப்பட்டது; 2019-இல் இந்திய அரசு கால்நடை, கோழி வளர்ப்பில் கொலிஸ்டினைத் தடை செய்தது. ஆகவே பெப்டைடு என்பதாலேயே ஒரு மருந்து வெல்லப்பட முடியாதது ஆகிவிடாது. செரிமான நொதிகள் பெப்டைடுகளைச் சிதைப்பதும், தயாரிப்புச் செலவும், மிகுந்த அளவில் நச்சாகக்கூடிய இயல்பும் அவற்றை மருந்துக்கடைக்குக் கொண்டுவரத் தடையாயின. மெகெயினினிலிருந்து உருவான பெக்சிகனான் என்னும் களிம்புக்கு 1999-இல் அமெரிக்க ஒப்புதல் கிட்டவில்லை.

தேனோ பெப்டைடைத் தனியே பிரிக்காமல், இயற்கையில் அமைந்த கூட்டணியோடே புண்ணில் இடப்படுகிறது. சோலாப்பூர் மருத்துவக் கல்லூரியின் அறுவை மருத்துவர் சுப்பிரமணியம் 1991-இல் வெளியிட்ட ஆய்வில், தீக்காயம் பட்ட 104 பேருள் பாதிப்பேருக்குத் தேனும், மற்றப் பாதிக்கு வழக்கமான சில்வர் சல்ஃபடையசின் களிம்பும் இடப்பட்டன. தேன் இட்ட புண்களில் 91 விழுக்காடு ஏழு நாளில் கிருமியற்றதாக, களிம்பு இட்டவற்றில் 7 விழுக்காடு மட்டுமே அந்நிலையை அடைந்தன. பிற்கால மதிப்பீடுகள் இத்தகைய ஆய்வுகளின் செய்முறையைக் குறைகூறினாலும், மேலோட்டமான தீக்காயத்தில் தேனின் பயனை ஏற்றுக்கொண்டன. பிற புண்களைப் பற்றிய சான்று அவ்வளவு உறுதியானதன்று. இரத்தத்தில் பரவிய தொற்றுக்குத் தேன் மருந்தாகாது. புண்ணுக்கு இடும் மருத்துவத் தேன் காமா கதிரால் தூய்மை செய்யப்பட்டது என்பதும், பச்சைத் தேனில் பாட்டுலிசம் நோய்க்கிருமியின் வித்துகள் இருக்கக்கூடுமாகையால் ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு அதை ஊட்டலாகாது என்பதும் பெற்றோர் அனைவரும் அறிய வேண்டியவை.

மருந்துத் தன்மை கூட்டிலிருந்து குப்பிக்கு வரும் வழியிலேயே தொலைந்துபோவதும் உண்டு. மிகுதியாகச் சூடாக்கினால் குளுக்கோஸ் ஆக்சிடேஸ் செயலிழக்கும். சர்க்கரைப்பாகு கலந்தால் தேனீ சேர்த்த நொதியும் பெப்டைடும் விகிதத்தில் குறையும். அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2020-இல் செய்த சோதனையில் சந்தையிலிருந்த 13 நிறுவனத் தேன்களுள் 10, கலப்படத்தைக் கண்டறியும் நுண்சோதனையில் தேறவில்லை. மேல்பழனியில் புல்வெளிகளின்மேல் வாட்டிலும் தைலமரமும் பைனும் நடப்பட்டதால், பல வகைப் பூக்களை நம்பிய தேனீக்களின் மேய்ச்சல் நிலம் சுருங்கியது. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் தேனையும் மெழுகையும் சிறு வனப்பொருள்களாகப் பெயர் சொல்லிக் குறித்து, அவற்றைச் சேகரித்து விற்கும் உரிமையைக் காடுவாழ் மக்களுக்கு உரித்தாக்கியது. 2013-இல் ஏறத்தாழ 609 சதுர கிலோமீட்டர் பரப்பு கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட பின்னும் அவ்வுரிமை சட்டப்படி நிலைத்திருக்கிறது. பளியர் ஊர்களின் கிராம சபைகள் அவ்வுரிமையை முழுமையாகக் கையாளும் இடங்களில், எந்தப் பாறையில் எப்போது தேன் அழிப்பது, எவ்வளவு அடையை விடுவது என்ற முடிவு குத்தகைதாரரிடமிருந்து, ஒரு நூற்றாண்டுக்கும் மேலான இடைவெளிக்குப் பின், கயிற்றில் இறங்குபவர்களிடம் திரும்புகிறது.